பேருந்து நிற்காத கோலா சிலாங்கூர்



ஒரு வட்டாரத்தின் நிலம், மக்கள், பண்பாடு, வரலாறு நான்கையும் ஒரு மணி நேரத்துக்குள் அறிமுகப்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள். கோலா சிலாங்கூரைப் பொறுத்தவரை இந்த வேலையைச் சுற்றுலாப் பேருந்துகள் ஏற்கெனவே திறமையாகச் செய்துவருகின்றன. கோலாலம்பூரிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர். மாலையில் புக்கிட் மெலாவத்தியில் ஏறி லூத்தோங் குரங்குகளோடு படம் எடுத்துக்கொள்வார்கள். தாய் சாம்பல்வெள்ளி, குட்டி மட்டும் ஆரஞ்சு நிறம் என்பதால் படம் நன்றாக வரும். பிறகு பாசிர் பெனாம்பாங்கில் நண்டும் மீனும். இருட்டியதும் கம்போங் குவாந்தானில் படகேறி மின்மினி பார்ப்பார்கள். பத்து மணிக்குள் எல்லோரும் வீட்டில்.

குறை சொல்லவில்லை. மூன்றும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் கோலாலம்பூரை விட்டு இந்த மூன்று இடங்களுக்கு வந்து சேருவதற்குள் ஈஜோக், புக்கிட் ரோத்தான், அசாம் ஜாவா என்று ஒரு நீண்ட பரப்பைக் கடந்தாக வேண்டும். அங்கே பேருந்து நிற்பதில்லை. சன்னலுக்கு வெளியே செம்பனை, மறுபடியும் செம்பனை. உள்ளே பாதிப் பேர் தூக்கத்தில் இருப்பார்கள். அவர்கள் தூங்கிக் கடக்கிற அந்தப் பரப்புதான் இந்த வட்டாரத்தை உருவாக்கியது என்பது என் கட்சி. அதை நிறுவ முதலில் ஆற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

சிலாங்கூர் ஆறு பிரேசர் மலைப் பக்கத்து உயரங்களில் பிறந்து, கோலா குபு பாரு வழியாக இறங்கி, நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடி மலாக்கா நீரிணையில் கலக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கு குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு இந்த ஆற்றிலிருந்துதான் போகிறது. கோலாலம்பூரில் குழாய் வறண்டால்தான் நம் ஆற்றின் பெயர் நாளிதழில் முதல் பக்கத்துக்கு வரும்.

கீழ்ப்பகுதியில் ஆறு அவசரமே இல்லாமல் வளைந்து வளைந்து போகிறது. கடலேற்றத்தின்போது உப்புநீர் உள்ளே வெகுதூரம் ஏறிவரும். இந்த உப்பும் நன்னீரும் கலக்கிற கரையில்தான் பெரெம்பாங் மரம் வளர்கிறது, அதன் இலைகளில்தான் மின்மினி கூடுகிறது. உயிரியலார் இதற்கு வைத்த பெயர் டெரோப்டிக்ஸ் டெனர். அரிசிமணி அளவுதான் இருக்கும். ஆண் பூச்சிகள் நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை, ஒரு மரம் முழுக்க ஒரே தாளத்தில் கண் சிமிட்டும். படகில் வருபவர்கள் பார்ப்பது மரத்தை மட்டும். இந்தப் பூச்சியின் புழுப்பருவம் கரைமேட்டு ஈரத்தில், நீப்பா, சாகோ அடியில் நத்தையைத் தின்று கழிகிறது. கரையோரம் வரை வெட்டிச் சமன் செய்து எதையாவது நட்டால், மரம் நிற்கும், மின்மினி இருக்காது.

ஆற்றுக்கு வடக்கே தஞ்சோங் காராங்குக்கு உள்புறம் ராஜா மூசா வனக் காப்பகம். அது கரிச்சதுப்புக் காடு. விழுந்த இலையும் கட்டையும் நீரில் ஊறி மக்காமலே அடுக்கடுக்காகத் தேங்கிய நிலம். தண்ணீர் இருக்கும்வரை அது சாது. வடிகால் வெட்டித் தண்ணீரை இறக்கினால் நிலம் அமுங்கும், வறட்சி மாதங்களில் தீப்பிடிக்கும். மேலே அணைத்தாலும் அடியில் புகைந்துகொண்டிருக்கும். தெற்கே கடலோரம் கனத்த களிமண். பெரிய ஏற்றத்தின்போது கடல் மட்டம் பல இடங்களில் வயல் மட்டத்துக்கு மேலே இருக்கும். கரையணை கட்டி, மதகு வைத்து, இறக்கத்தில் திறந்து உள்நீரை விட்டு, ஏற்றத்தில் மூடிக் கடலைத் தடுத்துத்தான் இங்கே பயிர் செய்ய முடியும். அந்த மதகுகளில் ஒன்றின் அருகே ஏற்றம் தொடங்கும் நேரத்தில் போய் நின்று பாருங்கள். இரு பக்கமும் ஒரே நிறத்துச் சேற்றுநீர், நடுவில் ஒரு கதவு, வெளிப்பக்கம் மெல்ல உயர்ந்துகொண்டே வரும். இந்த வட்டாரத்துக்கு அறிமுகம் அங்கிருந்து தொடங்கியிருக்கலாம்.

இனி புக்கிட் மெலாவத்திக் குன்று. இதைச் சற்று வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மேலே பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், மத்தியதரைக் கடலோரம் அலெக்ஸாந்திரியாவில் இருந்த தாலமி நம் தீபகற்பத்தைப் 'பொன் தீபகற்பம்' என்று குறித்தார். பொன்னைவிட இங்கே நிறைய இருந்தது வெள்ளீயம். ஆறு உள்நாட்டு வெள்ளீயத்தைக் கடலுக்குக் கொண்டுவரும் சாலை, ஆற்றுவாயில் நிற்கும் குன்று அந்தச் சாலையின் சுங்கச்சாவடி. குன்றைப் பிடித்தவன் வரியைப் பிடித்தான். 1766-இல் பூகிஸ் வம்சத்து ராஜா லூமு, சுல்தான் சலேஹுதீன் என்ற பெயரில் சிலாங்கூரின் முதல் சுல்தானானார். அவரும் அவருக்குப் பின் வந்த இருவரும் இந்தக் குன்றில்தான் அடக்கமாகியிருக்கிறார்கள். இரண்டாம் சுல்தான் இப்ராஹிம், ரியாவின் ராஜா ஹாஜியோடு சேர்ந்து டச்சுக்காரரின் மலாக்காவைத் தாக்கினார். 1784-இல் ராஜா ஹாஜி போரில் இறந்தார். அதே ஆண்டு டச்சுப் படை இங்கே வந்து குன்றைப் பிடித்துத் தன் தலைமை ஆளுநர் அல்டிங் பெயரைக் கோட்டைக்குச் சூட்டியது. 1785-இல் சுல்தான் பகாங் ஆட்களுடன் திரும்பிவந்து அவர்களை விரட்டினார். டச்சுக்காரர் இங்கே முழுதாக ஓராண்டு கூட இருக்கவில்லை. இருந்தும், 1907-இல் ஆங்கிலேயர் கட்டிய கலங்கரை விளக்கம் இன்றுவரை அல்டிங்ஸ்பர்க் என்றே அழைக்கப்படுகிறது. பிறகு சிலாங்கூர் உள்நாட்டுப் போர், 1871-இல் ரினால்டோ என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல் பொழிந்த குண்டுகள், 1874-இல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட். குன்றின் கதை அத்தோடு அடங்கிவிட்டது. இப்போது நோன்புக்கும் பெருநாளுக்கும் பிறை பார்க்க அதிகாரிகள் ஏறுகிறார்கள்.

வடக்கே தஞ்சோங் காராங், செகிஞ்சான் சமவெளியில் 1930-களில் தொடங்கிய பாசனத் திட்டம் பெர்னாம் ஆற்று நீரைக் கால்வாய் வழியாகக் கொண்டுவந்து சதுப்பை நெல்வயலாக்கியது. சாவகரும் பஞ்சார் மக்களும் சீனரும் அங்கே குடியேறினார்கள். ஆண்டுக்கு இருபோகம். தஞ்சாவூர்க்காரர் யாராவது வந்தால் செகிஞ்சானுக்கு அழைத்துப்போங்கள். சற்று நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, ஒரு ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று கேட்பார்கள்.

இப்போது பேருந்து நிற்காத இடத்துக்கு வருவோம்.

1905-இல் ஆன்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சு இளைஞர் மலாயாவுக்கு வந்தார். கோலா சிலாங்கூருக்கு உள்ளே ரந்தாவ் பாஞ்சாங்கில் நிலம் எடுத்து ரப்பர் நட்டார். மலாயும் தமிழும் கற்றார். சுமத்ராவில் செம்பனை நட்டுக்கொண்டிருந்த பெல்ஜியக்காரர் அட்ரியன் ஹாலேயின் நட்பால் விதை கிடைத்தது. முதலில் அழகுக்காகப் பாதையோரம் நட்டார்கள். பிறகு 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தாயை அடுத்த தென்னமரம் தோட்டத்தில், மலாயாவிலேயே முதன்முறையாக வணிகத்துக்கென்று செம்பனை நடப்பட்டது. பத்தாங் பெர்ஜுந்தாய்தான் 2007 முதல் பெஸ்தாரி ஜெயா. உலகமே எண்ணெய் கேட்டு வரிசையில் நிற்கிற ஒரு பயிரின் மலேசிய வரலாறு, 'தென்னமரம்' என்று தமிழில் பெயர் வைத்த ஒரு தோட்டத்தில் தொடங்குகிறது. இன்று நாடு முழுவதும் 50 லட்சம் ஹெக்டேருக்கு மேல் செம்பனை நிற்கிறது. சுற்றுலாப் பேருந்துக்கு இங்கே நிறுத்தம் இல்லை.

ஃபோகோனியே பின்னர் இங்கிருந்து கிளம்பி, மத்தியதரைக் கடலோரம் துனீசியாவின் ராதேஸ் என்ற ஊரில் குடியேறினார். அங்கே உட்கார்ந்து இந்த மண்ணைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். 'மலேசி' என்ற அந்த நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. மலாய்ப் பந்தூன் பாடல்களை அத்தியாயத் தலைப்பில் வைத்தவர். தமிழ்த் தொழிலாளரையும் பரிவோடுதான் எழுதியிருக்கிறார். ஆனாலும் அது தோட்டத் துரையின் வராந்தாவிலிருந்து தெரிகிற தமிழன்தான். தொழிலாளர் குடியிருந்த லயத்திலிருந்து துரை எப்படித் தெரிந்தார் என்பதை எழுத அன்று லயத்தில் யாருக்கும் காகிதம் இல்லை.

லயத்துக்கு ஆள் எப்படி வந்தது? முதலில் சஞ்சி முறை, ஒப்பந்தத்தில் கட்டிப்போட்ட கூலி. 1910-இல் அது நிறுத்தப்பட்டது. பிறகு கங்காணி. தோட்டத்திலிருந்து ஒருவர் சொந்த ஊருக்குப் போய், சொந்தக்காரர்களையும் சாதிக்காரர்களையும் அழைத்துவருவார். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேற்றம். பின்னாளில் வந்தவர்களுக்கு ரஜுலா என்ற கப்பலின் பெயரைச் சொன்னாலே போதும், தொண்டை அடைத்துவிடும். 1930-களின் மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தபோது ஆயிரக்கணக்கானோரைத் திருப்பி அனுப்பினார்கள். 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் புலப்பெயர்வைத் தடை செய்தது. அத்தோடு கங்காணியின் பயணம் நின்றது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். காட்டை அழித்ததும் வடிகால் வெட்டியதும் எல்லாமே நம் ஆள் என்று மேடையில் முழங்குவது எளிது, கைதட்டலும் விழும். ஆனால் காடழிப்பிலும் வாய்க்கால் வெட்டிலும் சீனக் குத்தகைக்காரரும் சாவகரும் மலாய்க்காரரும் நிறையவே உழைத்திருக்கிறார்கள். தமிழர் செய்தது வேறு. மற்றவர்கள் வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள், தமிழர் நான்கு தலைமுறை அங்கேயே தங்கி அதை நாள்தோறும் நடத்தினார்கள். களை எடுப்பதும், வடிகால் தூர்வாருவதும், மரம் சீவுவதும் ஒரு நாள் விட்டாலும் இந்த ஈர நிலத்தில் காடு திரும்பிவிடும்.

நம் இலக்கண வழியில் ஒரு நிலத்தை அறிமுகப்படுத்தச் சொன்னால் முதற்பொருளாக இடமும் காலமும், பிறகு கருப்பொருளாகத் தெய்வம், உணவு, மரம், பறை, தொழில் என்று போகும். தோட்டத்தை எந்தத் திணையில் வைப்பது என்று தமிழாசிரியர்கள் முடிவு செய்யட்டும். பொழுது மட்டும் ஐயமில்லாமல் வைகறை. ரப்பர் மரத்தில் பால் நன்றாக இறங்குவது குளிர்ந்த விடியலில்தான். நான்கு, நான்கரைக்கு எழுந்து, பிரட்டு என்ற வருகைக் கணக்கெடுப்புக்குப் போய், பெயர் கொடுத்து, தண்டல் என்ற மேற்பார்வையாளர் காட்டிய மர நிரையில் இறங்க வேண்டும். முற்பகலில் பாலெடுத்து ஸ்டோரில் நிறுக்க வேண்டும். மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் சம்பளம் இல்லை. தெய்வம் மாரியம்மனும் எல்லைக்கு முனியாண்டியும். பறைக்கு உறுமி. உணவு என்றால் கிராமத்துச் சோறும் குழம்பும், அதோடு இங்கே வந்து பழகிய நெத்திலிச் சம்பலும். பங்குனி, சித்திரைத் திருவிழாக்களுக்கு லயத்து இளைஞர்களே வேடம் கட்டிய கூத்து. ஆயாக்கொட்டகையில் குழந்தை, கள்ளுக்கடையில் தகப்பன், நிரையில் தாய். இது புகழ்ச்சி இல்லை, இகழ்ச்சியும் இல்லை, அன்றாடம்.

ரப்பர் கதையைப் பலர் எழுதிவிட்டார்கள். செம்பனைக் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு வேலையைச் சொல்கிறேன்.

செம்பனையில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில் வெவ்வேறு காலத்தில் வரும். ஆப்பிரிக்காவில் அவற்றைச் சேர்த்துவைத்த பூச்சி இங்கே இல்லை. அதனால் காய்ப்பிடிப்பு குறைவு. அந்தப் பூச்சியின் வேலையை மனிதக் கை செய்தது. பெரும்பாலும் பெண்களின் கை. ஆண் பூவின் மகரந்தத்தைத் தட்டி எடுத்து, உலர்த்தி, முகப்பவுடரில் சேர்க்கிற டால்க் மாவோடு கலந்து ஒரு குப்பியில் அடைத்துக் கொடுப்பார்கள். மரம் மரமாகப் போக வேண்டும். மட்டைகளின் நடுவே குனிந்து, முள்ளை ஒதுக்கி, பாளை விரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரிந்த பூவிலிருந்து சோம்பு வாசனை வரும். மூக்கு பழகியவர்களுக்குக் கண் கூடத் தேவைப்படாது. அந்த வாசனை கிடைத்த மரத்தில் குப்பியை அழுத்தினால் வெள்ளைத் தூள் பூவில் படியும். பெண் பூ இரண்டு மூன்று நாள்தான் ஏற்கும் நிலையில் இருக்கும் என்பதால் அதே மரத்துக்குத் திரும்பத் திரும்பச் சுற்று வர வேண்டும். மாலையில் முழங்கை வரை முள்கீறலும் பவுடரும்.

1981-இல் கேமரூனிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து மலேசியத் தோட்டங்களில் விட்டார்கள். அதை ஆய்ந்து தேர்ந்தவர் ரஹ்மான் சையத் என்ற பாகிஸ்தானியப் பூச்சியியலாளர். ஆண் பூவில் பிறந்து வளரும் அந்த வண்டு, அதே சோம்பு வாசனையைத் தேடிப் பெண் பூவுக்குப் போய் மகரந்தத்தை உதறிவிட்டு வரும். சம்பளம் கேட்காது. ஓரிரண்டு ஆண்டுகளில் குப்பியும் பவுடரும் ஸ்டோர் அறைக்குப் போய்விட்டன. நாட்டுக்கு அது பெரிய வெற்றி, விளைச்சல் கூடியது, செலவு குறைந்தது. அந்தச் சுற்றுக்குப் போன பெண்கள் உதிர்பழம் பொறுக்கப் போனார்கள். வேளாண் வரலாற்று நூல்களில் வண்டுக்குத் தனி அத்தியாயமே உண்டு. அதற்கு முன் அந்த வேலையைச் செய்தவர்களுக்கு 'கையால் மகரந்தச் சேர்க்கை செய்யப்பட்டது' என்ற ஒரு செயப்பாட்டு வாக்கியம் கிடைத்திருக்கிறது.

அரசியலுக்கு வருகிறேன். 1941-இல் கிள்ளானில் ஆர்.எச். நாதன் தலைமையில் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் பரவியது. கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, கள்ளுக்கடை மூடல், பெண்களிடம் அத்துமீறாமை, பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி. அதில் ஒன்று, துரையின் முன்னால் சைக்கிளில் உட்கார்ந்தபடியே போக அனுமதி. அதுவரை துரையைக் கண்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கூலியைப் பற்றிய கோரிக்கையைவிட இதற்குத்தான் தோட்ட நிர்வாகங்கள் அதிகம் கோபித்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. நாதன் கைதானார், நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு, துப்பாக்கி பேசியது.

அதன் பிறகு எட்டு மாதம் கூட ஆகவில்லை. 1942 ஜனவரி தொடக்கத்தில் ஜப்பானியர் படகுகளில் வந்து கோலா சிலாங்கூர்க் கரையில் இறங்கப் பார்த்தார்கள். பீரங்கிகள் ஒருமுறை தடுத்தன, நாட்டைத் தடுக்க முடியவில்லை. பிறகு லயங்களிலிருந்து ஆண்கள் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டு நாவல்களையும் மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். அதே காலத்தில் தோட்டத்துப் பெண்கள் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்தார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

சுதந்திரத்தின் முன்னும் பின்னும் ஆங்கிலேயக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றன. அதற்கு எதிராகத்தான் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளியே தோட்டத்தை வாங்கட்டும் என்ற எண்ணம். நம் சமூகம் யோசித்த மிகத் துணிச்சலான யோசனை அதுதான் என்பேன். அதன் பிந்தைய கதையைப் பேச இந்த மேடை போதாது. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, இங்கேயே பிறந்து சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பல்லாயிரம் பேர் கப்பலேறிப் போனார்கள். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது குறைந்த ஆளே போதும் என்றானது. மிஞ்சியவர்கள் இடத்துக்கு ஒப்பந்தக்காரரும் வெளிநாட்டுத் தொழிலாளரும் வந்தார்கள். புக்கிட் செராக்கா பக்கத்துத் தோட்ட நிலத்தில் பூஞ்சாக் ஆலாம் எழுந்தது. லத்தார் நெடுஞ்சாலை வந்தது. 2007-இல் ஈஜோக் இடைத்தேர்தலின்போது மட்டும் நாடே இந்த ஊர்களின் பெயரைப் பத்து நாள் உச்சரித்தது. சாலைகளுக்குத் தார் விழுந்தது.

இன்று என்ன மிஞ்சியிருக்கிறது என்று கேட்கலாம். கோயில்கள் இருக்கின்றன, சில இடங்களில் லயம் இல்லாமல் கோயில் மட்டும். தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்ற பழைய தொழிலாளர் சட்டத்தால் பிறந்தவை அவை. பல பள்ளிகள் இடம் மாறிவிட்டன. ஆனால் பெயர்ப்பலகையில் இன்னும் தோட்டத்தின் பெயரே நிற்கிறது.

இந்த வட்டாரத்தில் ஒரு பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டை ஒருமுறை புரட்டினேன். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, தகப்பன் பெயர், தகப்பன் தொழில், பள்ளியை விட்ட நாள், விட்ட காரணம். தொழில் என்ற ஒரு கட்டத்தை மட்டும் விரலை வைத்துக் கீழே இறக்கிக்கொண்டே போனேன். 'பால்மரம்', 'பால்மரம்', 'பால்மரம்', 'தண்டல்', 'பால்மரம்'. பல பக்கங்களுக்குப் பிறகு 'செம்பனை'. பிறகு 'லோரி ஓட்டுநர்'. பிறகு 'பாதுகாவலர்', 'தொழிற்சாலை'. விட்ட காரணம் என்ற கட்டத்தில் ஒரு காலகட்டம் முழுக்க 'இந்தியா சென்றார்', பின்னொரு காலகட்டத்தில் 'வீடு மாற்றம்'. நான் இவ்வளவு நேரம் பேசியது அத்தனையும் அந்த இரண்டு கட்டங்களில் இருந்தது.

பள்ளி புதுக் கட்டடத்துக்கு மாறும்போது இந்தப் பதிவேடுகள் பழைய மேசை நாற்காலியோடு வெளியே போகின்றன. தோட்ட அலுவலகம் மூடும்போது செக்ரோல் என்ற வருகைப்பதிவுப் புத்தகங்களும் அப்படியே. இங்கே தலைமையாசிரியர்கள் சிலர் அமர்ந்திருக்கிறீர்கள். அலமாரிச் சாவி உங்களிடம் இருக்கும். பள்ளி விடுமுறையில் இரண்டு மாணவர்களை உட்காரவைத்து, தொலைபேசியிலேயே பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, ஒரு பிரதியைப் பள்ளியிலும் இன்னொன்றைப் பொது நூலகத்திலும் வைக்கச் சொல்லுங்கள். பெயர்களை வெளியிட வேண்டியதில்லை, தொழிலும் தேதியும் போதும். ஊர் ஊராகச் சேர்த்தால் மூன்று ஆண்டுகளில் இந்த மாவட்டத்தின் தோட்ட வரலாற்றைத் தோட்டத்துப் பக்கத்திலிருந்தே எழுதிவிடலாம். யார் எந்தப் பள்ளியை எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கூட்டம் முடிந்ததும் இந்தத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். இனி கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.